மஞ்சள் கேசட்டின் பாடபேதம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுச்சேரி காந்தி வீதியின் இரு ஓரமும் சந்தையாகிவிடும். ஜீன்ஸ், செருப்பு, பாத்திரம், பழைய புத்தகம் என்று விரிந்துகிடக்கும் குவியல்களுக்கு நடுவே, எப்போதாவது ஒரு தார்ப்பாயின் மூலையில், செத்துப்போன ரிமோட்டுகளோடும் சார்ஜர்களோடும் ஒரு மஞ்சள் கேசட் கிடக்கும். பாட்டுக் கேசட் அல்ல. டிவி கேம் கேசட். மேலே ‘9999 இன் 1’ என்று ஸ்டிக்கர். உள்ளே இருப்பவை பத்திருபது ஆட்டங்கள்தான், மிச்சமெல்லாம் அவையே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வருபவை. 1990களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாமுராய், மீடியா என்ற பெயர்களிலும் பெயரே இல்லாமலும் நம் வீடுகளுக்கு வந்த பெட்டிகள், நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் வாரிசுகள். பெரும்பாலும் முறைப்படி உரிமை பெறாத வாரிசுகள்.

அந்தத் தலைமுறையில் சிலர் இப்போது கேசட்டை வீட்டு மேசையிலேயே செய்கிறார்கள். வெற்று ஃபிளாஷ் சிப் ஒன்றை வாங்கி, ஆட்டத்தின் நிரலை அதில் எழுதி, பலகையில் சால்டர் வைத்து, பழைய பெட்டியில் சொருகி ஓடவைக்கிறார்கள். உலகெங்கும் பரவியிருக்கும் கைவேலை இது. இதை வெறும் ஏக்கம் என்று ஒதுக்குபவர்களும் உண்டு, டிஜிட்டல் பாரம்பரியத்தைக் காக்கும் தொண்டு என்று தூக்கிவைப்பவர்களும் உண்டு. இரண்டு பேச்சிலும் எனக்கு நம்பிக்கையில்லை. கைவேலை நல்லது. அதன் பெயரால் சொல்லப்படும் ‘பாதுகாப்பு’தான் இடறுகிறது.

முதலில் கைவேலை. இந்த வேலைக்குப் பலரும் எடுப்பது 39எஸ்எஃப்040 என்ற சிப். 512 கிலோபைட் கொள்ளளவு. பழைய பெட்டிகளைப் போலவே 5 வோல்ட்டில் ஓடும். டிஎல்866 போன்ற ஒரு புரோகிராமரில் வைத்து, கணினியோடு யுஎஸ்பியில் இணைத்து எழுதலாம். அதை இயக்கக் கட்டற்ற மென்பொருளே கிடைக்கிறது. அழித்த நிலையில் சிப்பின் ஒவ்வொரு பிட்டும் 1. எழுதுவது என்றால் வேண்டிய இடங்களில் 1ஐ 0 ஆக்குவது மட்டும்தான். 0வை மறுபடி 1 ஆக்க வேண்டுமானால் அந்த ஒரு பிட்டை மட்டும் தொட முடியாது, 4 கிலோபைட் பகுதி முழுவதையும் அழித்தாக வேண்டும். ஓலையில் எழுத்தாணி போல. கீறலாம், கீறியதை மூட முடியாது. பிழையென்றால் வேறு ஏடு.

தவறுதலாக எதுவும் பதிந்துவிடக் கூடாதென்று சிப்புக்குள் ஒரு பூட்டும் வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட மூன்று கட்டளைகள் வரிசை பிசகாமல் வந்த பிறகே நான்காவதாக வரும் பைட்டை அது ஏற்கும். ஒரு பைட்டுக்கு 14 மைக்ரோநொடி. ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ 1985இல் வந்தபோது அதன் நிரல் 32 கிலோபைட், படங்கள் 8 கிலோபைட், ஆக மொத்தம் 40. கணக்குப் போட்டால் சிப் வேலை செய்யும் நேரம் முக்கால் நொடிகூட ஆகாது. ஒரு வாட்ஸ்அப் புகைப்படம் இந்த ஆட்டத்தைவிடப் பெரியது.

கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது என்பேன். செல்போனில் எமுலேட்டரை இறக்கி மாரியோ ஆடுபவருக்கு, சிப்பில் எந்த இடத்தை வாசிப்பது என்று சொல்லும் முகவரிக் கம்பி என்று ஒன்று இருப்பதே தெரியாது. 32 கிலோபைட் ஆட்டத்தை 512 கிலோபைட் சிப்பில் எழுதியவருக்கு அது நன்றாகத் தெரியும். மீந்துபோகும் மேல்முகவரிக் கால்களை எங்கும் இணைக்காமல் தொங்கவிட்டால், ஆட்டம் ஒருநாள் ஓடும், மறுநாள் ஓடாது, விரலைப் பக்கத்தில் கொண்டுபோனால் திரை கலங்கும். மின்தரையோடு சேர்த்தால் அடங்கிவிடும். அல்லது அதே நிரலைப் பதினாறு முறை அடுக்கி எழுதினால் எந்தக் கதவைத் திறந்தாலும் ஒரே அறை. நானும் ஒரு மாலை முழுக்கச் சால்டரைக் குறை சொல்லிவிட்டு, கடைசியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு காலைக் கண்டுபிடித்தேன். பொறியியல் வகுப்பில் ஒரு பருவம் முழுக்கப் படித்தும் ஏறாத பாடம் அன்று ஏறியது.

இன்னொரு லாபம் நமக்கே உரியது. பழையதை நகலெடுக்காமல் புதிதாக ஓர் ஆட்டம் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். 2019இல் வந்த ‘மைக்ரோ மேஜஸ்’ அதே 40 கிலோபைட்டுக்குள் நால்வர் சேர்ந்து ஆடும் புது ஆட்டம். அதே ஆண்டில் வெளியான ஜிபி ஸ்டூடியோ, நிரல் எழுதத் தெரியாதவரையும் நிண்டெண்டோவின் கைக்கருவியான கேம்பாய்க்கு ஆட்டம் செய்யவிடுகிறது. அதில் தமிழ் பேசும் ஓர் ஆட்டத்தைச் செய்யப் பார்த்தால்தான் நம் எழுத்தின் உடம்பு புரிகிறது. கேம்பாய் திரை 160க்கு 144 புள்ளி. 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாக 360 கட்டம். ஆங்கில எழுத்து ஒரு கட்டத்தில் உட்கார்ந்துவிடும். ‘ணை’யை அதில் உட்காரவைத்துப் பாருங்கள். நான்கு கட்டமாவது வேண்டும். 247 எழுத்தையும் கொம்பு, கால், புள்ளி என்று பிரித்துச் சிக்கனம் செய்தாலும் நூற்றுச் சொச்சம் உருவங்கள் தேறும். ஆளுக்கு நான்கு கட்டம் என்றால் நானூற்றுக்கு மேல். அந்தக் கருவியின் படநினைவகம் மொத்தமே 384 கட்டம். எனவே ஒவ்வொரு வசனத்துக்கும் தேவையான எழுத்துகளை மட்டும் அவ்வப்போது வரவழைத்து, வேலை முடிந்ததும் வெளியேற்ற வேண்டும். ஒரு வரியில் பத்து எழுத்து அடங்கும், எனவே சொற்சிக்கனமும் தானே வந்துசேரும். ஈயத்தில் எழுத்து வார்த்த காலத்து அச்சுக்கோப்பவரின் சிக்கல் பிளாஸ்டிக் பெட்டிக்குள் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறது.

இனி, இடறும் இடம்.

நகல் கேசட் செய்யப் பலகை வேண்டும், ஓடு வேண்டும். புதிதாக வாங்க முடியாதவர் என்ன செய்கிறார்? மதிப்பில்லாதது என்று தான் நினைக்கும் ஒரு பழைய கேசட்டை உடைத்து, அதன் சிப்பைப் பிடுங்கிவிட்டுத் தன் சிப்பை வைக்கிறார். ‘கொடையாளிக் கேசட்’ என்று அதற்கு அழகான பெயர் வேறு. கொடுக்கச் சொல்லி அதை யாரும் கேட்கவில்லை. காப்பதாகச் சொல்லும் கை அழிக்கிறது. பிடுங்கப்படும் சிப்பில் ஆட்டம் தொழிற்சாலையிலேயே சிலிக்கானில் வார்க்கப்பட்டது, கசிந்துபோக அதில் எதுவும் இல்லை. வைக்கப்படும் ஃபிளாஷ் சிப்போ சிறைப்பட்ட மின்னூட்டத்தை நம்பி நிற்பது. 39எஸ்எஃப்040இன் தரவுத்தாளில் நூறாண்டுக்கு மேல் தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள். ஃபிளாஷ் நினைவகம் என்ற கருத்தையே தோஷிபாவின் ஃபூஜியோ மசுவோகா 1984இல்தான் உலகுக்குச் சொன்னார். ஆக, அந்த நூறாண்டு ஆய்வுக்கூடச் சூட்டில் சோதித்துக் கணக்கிட்டது, வாழ்ந்து பார்த்ததல்ல.

அதுவும் நல்ல சிப்பாக இருந்தால். மறுசுழற்சிக் குப்பையிலிருந்து கழற்றி, மேலெழுத்தைச் சுரண்டி, வேறு பெயர் அச்சிட்டு வரும் சிப்புகள் நிறைய. புரோகிராமர் அடையாள எண் கேட்கும்போது இந்தச் சிப் ‘பிஎஃப், பி7’ என்று பதில் சொல்ல வேண்டும். வேறெதையாவது உளறினால் வேறு யாரோ. மலிவாக விற்கும் நகல் கேசட்டுகளின் சங்கதி இன்னும் மோசம். 3.3 வோல்ட் சிப்பை இடையில் எதுவும் வைக்காமல் 5 வோல்ட் கருவியில் நேரே செருகிவிடுகிறார்கள். ஓடும். எத்தனை நாள் என்பது சிப்பின் பொறுமை. கடற்கரை ஊரின் உப்புக்காற்று தொடுமுனைகளைத் தின்பது தனிக் கணக்கு; அதற்கு நாம் கண்டுபிடித்த வைத்தியமான வாயால் ஊதுவது, எச்சில் ஈரத்தையும் சேர்த்துக் கொடுத்தது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது, நமக்குத்தான் உதவவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஒரு மென்பொருளின் பிரதியை முறையாக வைத்திருப்பவர் காப்புநகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் நம் மஞ்சள் கேசட்டே திருட்டுப் பிரதி. திருட்டுப் பிரதிக்கு முறையான காப்புநகல் என்று ஒன்று கிடையாது.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. காந்தி வீதியிலிருந்து கிழக்கே நடந்து, வாய்க்காலைத் தாண்டினால் செயிண்ட் லூயி வீதி. அங்கே 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிக் கட்டுகள் இருக்கின்றன. புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. அவ்வளவு சுவடிகளும் நகலின் நகலின் நகல். நம் தட்பவெப்பத்தில் ஓலைக்கு ஆயுள் சில நூறாண்டு. படி எடுத்தவர்கள் இருந்ததால்தான் நூல்கள் இருக்கின்றன. ஆகவே நகலெடுப்பதே காப்பாற்றுவது என்று வாதிடலாம். ஆனால் ஏடு எழுதியவர் எதிரில் ஓர் ஏட்டை வைத்துக்கொண்டு எழுதினார். முடிவில் ஆண்டு, மாதம், தன் பெயர் என்று குறித்துவைப்பதும் உண்டு. 32 அசை ஒரு கிரந்தம் என்று நூலின் நீளத்தை அளந்தார்கள். எழுத்துக்கூலிக்கு அதுவே கணக்கு. பின்னால் உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்க்க முடிந்ததென்றால், ஏடுகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்டபடியே எஞ்சியிருந்ததால்தான்.

நம் கேசட்காரர் எதிரில் எதை வைத்துக்கொண்டு எழுதுகிறார்? இணையத்தில் கிடைக்கும் ‘சுத்தமான’ அமெரிக்கப் பிரதியை. நாம் ஆடிய ‘காண்ட்ரா’ ஆட்டம் அதுவல்ல. நம் கேசட்டுகளில் நிறுவனத்தின் பெயரை முகப்புத் திரையிலிருந்து சுரண்டியிருப்பார்கள்; முப்பது உயிரோடு தொடங்கலாம்; வேண்டிய கட்டத்துக்கு நேரே போகலாம். யாரோ பெயர் தெரியாத ஒருவர் நிரலுக்குள் கை விட்டுச் செய்த திருத்தங்கள். திருட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தியச் சிறுவர்களின் ஆட்ட வரலாற்றில் அதுதான் மூலபாடம். அதைப் படிக்காமல் தூக்கிப் போட்டுவிட்டு அமெரிக்கப் பாடத்தைச் சிப்பில் எழுதுபவர் காப்பாற்றுவது யாருடைய நினைவை? எழுதும் கருவி இருக்கிற மேசைகளில் வாசிக்கும் கருவி இல்லை என்பதே இந்தக் கைவேலையின் மேல் என் புகார்.

அரசு செய்யும் என்று காத்திருக்கவும் வழியில்லை. இந்த ஊரை ஆண்ட பிரான்ஸ் 1992இல் தன் சட்ட வைப்பு முறைக்குள் வீடியோ கேமையும் சேர்த்துக்கொண்டது. அங்கே வெளியாகும் ஆட்டங்கள் தேசிய நூலகத்துக்குப் போயாக வேண்டும். நூலகங்களுக்குப் பிரதி ஒப்படைக்கச் சொல்லும் நம் 1954ஆம் ஆண்டுச் சட்டம் நூல்களோடும் இதழ்களோடும் நிற்கிறது. மூல நிறுவனங்களாவது விற்றுக்கொண்டிருக்கின்றனவா என்றால், அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று சந்தையில் கிடையாது என்று 2023இல் அங்கே ஓர் ஆய்வு சொன்னது. அந்தக் கணக்கில் நம் மஞ்சள் கேசட் சேர்த்தியே இல்லை.

வாசிப்பது எழுதுவதைவிடத் தொல்லை என்பதும் உண்மை. மஞ்சள் கேசட்டைத் திறந்தால் சிப் என்று எதுவும் தெரியாது. பலகையின் நடுவே கறுப்புப் பசைத் துளி ஒன்று உறைந்திருக்கும், கால் கிடையாது, எண் கிடையாது. கேசட்டின் 60 முனைகள் வழியாக, வெளியிலிருந்தே ஒவ்வொரு முகவரியாகக் கேட்டு, வரும் விடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆர்டுயினோ மெகா பலகையை வைத்தே இதற்கான கருவியைச் செய்துகொள்ளலாம். ஆட்டங்களை மாற்றித் தரும் மேப்பர் எந்த வகை என்பதை மட்டும் ஊகித்து ஊகித்துத்தான் பிடிக்க வேண்டும்.

சந்தையில் வாங்கிய ஒன்றை அப்படி வாசித்தேன். முதல் முறை வந்த சரிபார்ப்பு எண்ணும் இரண்டாம் முறை வந்ததும் வேறு வேறு. தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன், பச்சைத் துரு உருண்டு உருண்டு வந்தது. மூன்றாவதும் நான்காவதும் ஒத்துப்போயின. கோப்பைத் திறந்து முகப்புத் திரையைப் பார்த்தேன். கீழே ஆண்டு இருந்தது. அதன் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எட்டுக் கட்டம் வெறும் கறுப்பு. ஒன்பதாவது கட்டத்தில், சுரண்டியவர் கவனிக்காமல் விட்ட ஒரு முற்றுப்புள்ளி.