விமானத்துக்கு மேலே உள்ள வானம்

பழம்பெரும் கட்டடங்களையும் அவற்றின்மேல் கவிந்த இரவு வானத்தையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கிப் படம்பிடிக்கும் கலைக்கு உலகளாவிய கௌரவத்தைத் தேடித் தந்தது, ஈரானில் பிறந்த பாபக் தஃப்ரேஷி 2007-இல் தொடங்கிய ‘இரவில் உலகம்’ என்னும் முயற்சி. 2009-ஆம் ஆண்டு சர்வதேச வானியல் ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது, அதன் விசேஷத் திட்டங்களுள் ஒன்றாகவும் அது விளங்கிற்று. கோயிலை எழுப்பியவனும் இன்று அதைக் காண்பவனும் ஒரே நக்ஷத்திரங்களின் கீழ் நின்றவர்கள் என்ற உணர்ச்சியை, சரித்திரப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக முயன்றும் ஊட்ட முடியாதபோது, நல்ல படம் ஒன்று நொடியில் ஊட்டிவிடுகிறது. இக்கலையின் தலையாய பெருமை இதுவே. ஆனால் அந்த நக்ஷத்திரங்கள் இப்போது அங்கே கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று படம் பார்ப்பவர்கள் கேட்பதில்லை. எடுப்பவர்களும் கேட்க இடம் வைப்பதில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்வோம். 1010-இல் ராஜராஜன் நிறைவு செய்த அக்கோயிலின் விமானம் சுமார் 216 அடி உயரம். அந்தி மயங்கியதும் அதன்மீது மின்விளக்கொளி பாய்கிறது. விண்மீன்களின் மங்கலான ஒளியைத் திரட்ட இருபது விநாடியாவது லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். விளக்கொளி படிந்த கல்லுக்கோ ஓரிரு விநாடியே அதிகம். ஆகவே காமிராவின் முதுகிலுள்ள சிறு திரையில், நிலைக்கு மேல் நிலையாக ஏறும் சிற்ப வரிசைகளெல்லாம் அழிந்து ஒரே வெளுப்பாகிப்போன விமானமும், அதன் பின்னால் ஊர் விளக்குகளின் மங்கல் படிந்த செம்பழுப்பு வானமும், அதில் எண்ணிவிடத்தக்க சில புள்ளிகளுமே எஞ்சுகின்றன. மனித குலத்தில் மூன்றிலொரு பங்கினர் பால்வீதியைக் காண இயலாத வெளிச்சத்தில் வாழ்கிறார்கள் என்று 2016-இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடம் கணக்கிட்டது. அக்கணக்கின் பொருள் என்னவென்பதைத் தஞ்சையில் எடுத்த இப்படம் பிரத்தியட்சமாகக் காட்டிவிடுகிறது.

இதற்குப் பரிகாரமாகக் கலைஞர்கள் கையாளும் உபாயங்கள் பல. பழைய சோடியம் விளக்குகளின் ஒளி மஞ்சள் நிறத்தின் ஒரு குறுகிய பகுதிக்குள் அடங்கியிருந்ததால், அதை மட்டும் வடிகட்டும் கண்ணாடியை லென்ஸின் முன் மாட்டினால் போதுமாயிருந்தது; எல்லா நிறங்களிலும் பரவும் எல்.இ.டி. விளக்குகள் அந்த யுக்தியைப் பெரும்பாலும் வீணாக்கிவிட்டன. பதினாறு படங்களை எடுத்துச் சராசரி கண்டால் பிசிறு நாலிலொரு பங்காகக் குறையுமே தவிர, வானத்தில் படிந்த ஊர் வெளிச்சம் அப்படியே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த உபாயம், நக்ஷத்திரங்கள் நகரும் பாதையைக் கோடுகளாகக் காட்டுவது: மணிக்கணக்கில் லென்ஸைத் திறந்து வைத்து வானத்தை வெளுக்க விடாமல், குறுகிய நேரப் படங்களை நூற்றுக்கணக்கில் எடுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் மிகப் பிரகாசமானதை மட்டும் நிலைநிறுத்துகிறார்கள். அங்கே இருந்த விண்மீன்களே கோடாகின்றன. இல்லாதது எதுவும் வந்து சேர்வதில்லை.

வேறிடத்துக் காரிருளில் எடுத்த வானத்தைக் கொண்டுவந்து விமானத்தின்மேல் ஒட்டுகிறவர்களிடம்தான் எனக்கு வழக்கு. அழகுக்காகச் செய்த சிறு மிகை என்று இதை மன்னிக்க முடியவில்லை. அத்தகைய படத்தைக் கண்டு மகிழ்பவன், தஞ்சையின் வானம் க்ஷேமமாகவே இருக்கிறதென்று நம்பி வீட்டுக்குப் போகிறான். வானம் பறிபோனதைச் சொல்லவேண்டிய கலையே அதை மறைக்கத் துணைபோகிறது. வான சாஸ்திரமும் இவர்களைக் காட்டிக்கொடுக்கிறது. கோயிலின் கிழக்கு வாயிலில் நின்று மேற்கே நோக்குபவனுக்கு, விமான சிகரத்தைச் சுற்றி நக்ஷத்திரங்கள் வட்டமிடுவதாக ஒருநாளும் தோன்றாது. அவ்வட்டங்களின் மையமான துருவ நக்ஷத்திரம் தஞ்சையில் வடக்கே சுமார் 11 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. விமானத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 340 மீட்டர் விலகி நின்றால் துருவம் சிகரத்தின்மேல் அமரும். அதற்கான இடத்தைத் தேடி அலைவதுதான் இக்கலையின் மெய்யான பிரயாசை. பால்வீதியின் மையமும் அப்படியே: தெற்கே 50 பாகை வரை உயர்ந்து தென்மேற்கில் சாயுமேயன்றி நேர் மேற்குக்கு வருவதில்லை.

ஒளிமாசு மிகுந்த ஊர்களுக்கு ஏற்ற பொருள், என் அபிப்பிராயத்தில், சந்திரன்தான். அரைப் பாகையளவே விரிந்த அவ்வட்டம் விமானத்தின் உயரத்துக்குச் சமமாகத் தோன்றவேண்டுமானால், படமெடுப்பவர் ஏழரை கிலோமீட்டர் தள்ளி வெட்டவெளியில் நிற்கவேண்டும். உதயத் திசையையும் நேரத்தையும் முன்னரே கணித்திருக்கவேண்டும். மேகமில்லாதிருக்க அதிர்ஷ்டமும் வேண்டும். பௌர்ணமி அந்தியில் வானொளியும் விளக்கொளியும் நிலவொளியும் சற்று நேரம் ஒத்துப்போவதால் எதையும் அழிக்கவோ ஒட்டவோ அவசியமில்லை. விளக்குகள் விளக்குகளாகவே படத்தில் நிற்கின்றன.

இதிலும் போலிகள் உண்டு. ஆனால் பிடிபடுவது எளிது. நம் அட்சரேகையில் மேற்கே இறங்கும் மூன்றாம் பிறை, மாசி பங்குனி மாதங்களில் தோணிபோல் மல்லாந்து கிடக்கும். அம்மாதத்துப் படமென்று காட்டப்படுவதில் பிறை செங்குத்தாக நின்றால், அது வடதேசத்து வானத்திலிருந்து வெட்டியெடுக்கப்பட்டது என்று தாராளமாகச் சந்தேகிக்கலாம்.