நேரம் போவது தெரியாத வேலை

மாத்தளை மாவட்டத்து யட்டவத்தப் பக்கத்துத் தோட்டமொன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், லயத்து இஸ்தோப்பில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் கொழுந்தெடுக்கும் ஐம்பது வயதுப் பெண். இன்னொருவர் தொழில், நிறுவன உளவியலில் முதுகலைப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்த கொழும்பு மாணவி. அங்கே ஆட்களைத் தெரியும் என்பதால் துணைக்குப் போனவன் நான். மாணவியின் மடியில் கேள்வித்தாள் கட்டு.

"வேலை செய்றப்போ நேரம் போறதே தெரியாம இருக்குமா அக்கா?"

"எங்க மிஸ் தெரியுது? இப்பதான் மலைக்கு ஏறுன மாதிரி இருக்கும், அதுக்குள்ள நிறுவைக்கு வரச் சொல்லிருவாங்க. கிலோ சேரலைன்னா அரைப்பேருதான்."

மாணவி 'எப்போதும்' என்ற கட்டத்தில் சரி போட்டாள்.

நெதர்லாந்தின் வில்மார் ஷௌஃபெலியும் அவர் குழுவினரும் 2002இல் வெளியிட்ட பணி ஈடுபாட்டு அளவுகோலில் வருகிற கேள்வி அது. உற்சாகம், அர்ப்பணிப்பு, வேலையில் ஆழ்ந்துபோதல் என்று மூன்றை அந்த அளவுகோல் அளக்கிறது. நேரம் போவது தெரியாதவர் வேலையில் ஆழ்ந்திருக்கிறார் என்பது அதன் கணக்கு. கிலோ சேராவிட்டால் அரைநாள் சம்பளம்தான் என்ற பயத்தில் நேரம் பறக்கிறவருக்கும் அதே புள்ளிதான் விழுகிறது. கணினியில் கூட்டிப் பார்த்தால் அந்த அக்கா மிகுந்த ஈடுபாட்டுடன் வேலை செய்கிறவர்.

அந்தச் சரி அடையாளத்தை வைத்து இந்த உளவியல் படிப்பே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. தோட்டத்துக்கு அது தேவை என்றே நம்புகிறேன். ஆனால் படிப்பின் நடுவில் இருக்கிற ஆய்வு முறை, அதாவது வெளியே செய்த கேள்வித்தாளைத் தமிழாக்கி, நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, இரண்டு மூன்று நாளில் நூற்றுக்கணக்கில் நிரப்பிக்கொண்டு போகும் பழக்கம், அந்தப் படிப்பின் நல்லதையே தின்றுவிடுகிறது.

நல்லது என்ன என்று முதலில் சொல்ல வேண்டும். மாத்தளைத் தோட்டங்களின் கதை பழையது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்தவர்கள் வந்து சேர்ந்த ஊர் மாத்தளை. பிறகு கோப்பி போய்த் தேயிலை வந்தது. தாழ்ந்த மலைகளில் ரப்பரும் கொக்கோவும் மிளகும் வந்தன. இத்தனை காலத்திலும் தோட்டத்து வேலையைப் பற்றிய பேச்சு சம்பளத்தில் தொடங்கிச் சம்பளத்தில் முடிந்திருக்கிறது. அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. 2021 மார்ச்சில் 1000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வருவதற்கு எத்தனை வருடப் போராட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். 2024இல் அது 1350 ஆனது. இருந்தும் சம்பளம் கூடிய மாதத்திலேயே கொழுந்து மடுவத்தில் சண்டை ஏன் மூள்கிறது என்பதைச் சம்பளப் பேச்சால் விளக்க முடியாது. இந்தப் படிப்பால் முடியும்.

மடுவத்தில் நின்று பாருங்கள். படங்கு நனைய, கூடை முதுகை இழுக்க, வரிசையில் பெண்கள் நிற்கிறார்கள். தராசில் முள் ஓர் இடத்தில் நிற்கிறது. ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு, முற்றிய இலைக்கு இவ்வளவு என்று கழித்து வேறோர் எண் ஏட்டில் ஏறுகிறது. கழிப்பது ஒன்றோ இரண்டோ கிலோவாக இருக்கலாம். ஆனால் எந்த விதிப்படி கழிக்கிறார்கள் என்று நிற்கிறவருக்குத் தெரியாது. கேட்டால் வாயாடி என்ற பெயர் வரும். நிறுவன நீதி என்று இந்தத் துறையில் ஒரு பகுதி இருக்கிறது. கிடைத்தது எவ்வளவு என்பது ஒரு நீதி, அதை எப்படித் தீர்மானித்தார்கள் என்பது இன்னொரு நீதி, சொல்லும்போது மரியாதையாகச் சொன்னார்களா என்பது மூன்றாவது என்று அது பிரித்துப் பார்க்கிறது. கூலி கூடினாலும் இரண்டாவதும் மூன்றாவதும் கெட்டிருந்தால் மனக்கொதிப்பு ஆறாது. நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்ததைத்தான் அது சொல்கிறது. ஆனால் மடுவத்து முணுமுணுப்பாக இருந்தவரை அது தனியாளின் குறை. பெயர் கிடைத்த பிறகு அது மேசையில் வைத்துப் பேசக்கூடிய விஷயம்.

வருகை ஊக்கத்தொகையையும் இப்படியே பார்க்கலாம். 2016 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. அதன்மேல் விலைப் பங்கு 30, வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, மொத்தம் 730. வருகைப் பணம் கிடைக்க, வேலை கொடுத்த நாட்களில் நூற்றுக்கு 75 நாள் வந்திருக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தொடர்ந்து சில நாள் நின்ற தாய்க்கு மாத நடுவிலேயே தெரிந்துவிடும், இனி 75ஐத் தொட முடியாது என்று. மிச்ச நாட்களுக்கு அந்த 60 ரூபா அவளை எழுப்பாது. முயன்றால் முடியுமா, முடித்தால் பலன் வருமா, அந்தப் பலன் எனக்கு வேண்டுமா என்ற மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் ஊக்கம், ஒன்று பூச்சியமானால் எல்லாம் பூச்சியம் என்று விக்டர் வ்ரூம் 1964இல் எழுதிய கோட்பாடு இதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தும். 2019 ஒப்பந்தத்தில் அந்த வருகைப் பணம் நீங்கி அடிப்படை 700 ஆனது. இப்போது 2026 வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படை 1550, அரசு தரும் வருகை ஊக்கத்தொகை 200 என்று அது மறுபடி வந்திருக்கிறது. எடுத்துப் பார்த்த ஒன்றைத் திரும்ப வைக்கிறோம். எடுத்தபோது வருகை எப்படி மாறியது, யாருக்கு மாறியது என்று தோட்டம் தோட்டமாகச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எடுத்து ஒரு முதுகலை மாணவர் உட்கார்ந்து பார்த்தால், அது நாட்டுக்கே பயன்படும் ஆய்வேடாக இருக்கும்.

ரப்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால் வெட்டுகிறவர் விடியுமுன் தனியாகத் தன் மரங்களிடம் போகிறார். கத்தி அவர் கையில், வேகம் அவர் இஷ்டம், மேலே நின்று கத்த ஆளில்லை. கொழுந்து மலையில் கங்காணியின் குரல் நாள் முழுக்கக் காதில் விழுகிறது. ஹாக்மன், ஓல்டாம் இருவரும் 1970களில் வகுத்த வேலைப் பண்புகளில் தன்னாட்சி ஒன்று. ஒரே நிர்வாகத்தின் கீழ், ஒரே லயத்தில் வாழ்கிற இருவர் வேலையை இவ்வளவு வேறாக உணர்வது ஏன் என்று கேட்க அது உதவுகிறது.

இந்தத் துறை கீழை நாட்டுத் தொழிலாளியிடம் செல்லாது என்று சிலர் சொல்வதுண்டு. அகமதாபாத் அதற்குப் பதில். 1953இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ. கே. ரைஸ், சாராபாய் குடும்பத்தின் காலிகோ ஆலைக்கு வந்தார். தானியங்கித் தறிகள் வந்தும் எதிர்பார்த்த பலன் வரவில்லை. 224 தறிகள், 29 பேர். ஆனால் நெய்பவர், நூல் மாட்டுபவர், அறுந்ததை ஒட்டுபவர் என்று ஆளுக்கொரு துண்டு வேலை. எந்தத் தறிக்கும் முழுப் பொறுப்பு யாருக்கும் இல்லை. ஏழேழு பேராகச் சேர்ந்து குறிப்பிட்ட தறிகளைத் தங்கள் பொறுப்பில் எடுத்தால் என்ன என்ற யோசனையை ரைஸ் வைத்தார். மேற்பார்வையாளர்களும் தொழிலாளிகளும் அவர் நினைத்ததைவிட வேகமாக அதைப் பிடித்துக்கொண்டு தாங்களே குழு பிரித்துக்கொண்டார்கள். துணியும் கூடியது, சேதமும் குறைந்தது. எரிக் மில்லர் பிற்காலத்தில் திரும்பப் போய்ப் பார்த்து 1975இல் எழுதினார்: ஒரு கூடத்தில் குழுமுறை நிலைத்திருந்தது, மற்ற இடங்களில் பழைய வழக்கம் திரும்பியிருந்தது. வெற்றியை மட்டும் எழுதிவிட்டுப் போகாமல் பதினேழு வருடம் கழித்த நிலைமையையும் பதிந்தார்கள். அதனால்தான் அந்த ஆய்வை இன்றும் நம்புகிறேன். முன்பு சென்றவர் சொன்னதைச் சரிபார்க்கப் பின்னால் ஒருவர் போனார்.

நம் முதுகலை ஆய்வுகளில் திரும்பப் போகிறவர் யார்? இங்கிருந்துதான் குறை தொடங்குகிறது.

பெரும்பாலான மாணவர்கள் வார இறுதியில் படிக்கிறவர்கள். வங்கியிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ மனிதவளப் பிரிவில் வேலை. கட்டணத்தைத் தங்கள் சம்பளத்திலிருந்து கட்டுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து மலையேறி வந்தவளை எப்படிக் குறை சொல்வது? ஆனால் நேரமில்லாத மாணவருக்குக் கேள்வித்தாள்தான் கைவசம் இருக்கும் ஒரே கருவி. அதைத் தமிழாக்கும்போது ஒருவர் தமிழுக்குக் கொண்டுவந்து இன்னொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பிச் சரிபார்க்கும் முறை கடைப்பிடிக்கப்படுகிறது. சொல்லுக்குச் சொல் சரியாகவே வருகிறது. 'நேரம் போவது தெரியாமல்' என்பதும் சரியான தமிழ்தான். பொருள் மாறிப்போவது அகராதியில் தெரியாது, மடுவத்தில்தான் தெரியும்.

அடுத்தது வாசல். தோட்டத்துக்குள் ஆய்வாளர் வழக்கமாக நிர்வாகத்தின் கடிதத்தோடுதான் நுழைகிறார். நான் முன்பொரு முறை துணைக்குப் போன வேறொரு தோட்டத்தில், கேள்வி கேட்ட நேரம் முழுக்க ஓர் உத்தியோகத்தர் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவர் கெட்டவரில்லை, உதவிக்குத்தான் நின்றார். அன்று நிரம்பிய தாள் எல்லாவற்றிலும் மேற்பார்வையாளர் நல்லவர். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருந்தது, விருப்பம் இல்லாவிட்டால் விலகலாம் என்ற வரியும் இருந்தது. பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுகிற ஆள் பக்கத்தில் நிற்கும்போது விலகுகிறேன் என்று யார் சொல்வார்கள்? முதுகலைப் பாடத்தில் ஆய்வு அறம் ஒரு தனித் தாள். அந்தத் தாள் படிவத்தோடு முடிந்துவிடுகிறது. தொழிற்சங்கத்தின் வழியாகவோ கோயில் கமிட்டி வழியாகவோ பிள்ளை மடுவத்தின் வழியாகவோ நுழையும் வழியை மாணவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

வேறு வழி இருந்தது என்பதற்கு இந்தத் துறையின் ஆரம்பப் பக்கங்களே சாட்சி. வியன்னாவுக்கு அருகே மரியெந்தால் என்ற சிற்றூரில் ஆலை மூடியது. 478 குடும்பங்கள் வேலையை நம்பி இருந்த ஊர். மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோரின் குழு அங்கே போனது, 1933இல் நூல் வந்தது. ஊருக்குள் யாரும் வெறும் பார்வையாளராக இருக்கக் கூடாது, ஏதாவது பயன்பட வேண்டும் என்று அவர்கள் விதி வைத்துக்கொண்டார்கள். பழந்துணி சேகரித்துக் கொடுத்தார்கள், மருத்துவரைக் கூட்டிவந்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள். அந்தச் சாக்கில் பேச்சும் பழக்கமும் வந்தன. தெருவில் ஆண்கள் எவ்வளவு மெதுவாக நடக்கிறார்கள் என்று கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். கையில் நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்ததைக் கணக்கெடுத்தார்கள். எண்கள் அதிலும் உண்டு. ஆனால் அவை அந்த ஊரிலிருந்தே எடுத்த எண்கள், கையில் கொண்டுபோன தாளிலிருந்து வந்தவை அல்ல.

களத்தில் பழகும் அந்த வழி இன்றும் உண்டு: பிரிட்டனில் முதுகலைப் பட்டம் மட்டும் போதாது. அதன்பின் அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையில் களத்தில் வேலை செய்து காட்டினால்தான் தொழில் உளவியலாளர் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பட்டப்பெயருக்கு 2009 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. நம் படிப்புகளில் பாடம் இருக்கிறது, அந்த அளவு களப்பயிற்சி இல்லை. அந்தப் பயிற்சிக்கு யட்டவத்த போன்ற ஓர் இடம் மூன்று மாதம் இருந்து பழக எவ்வளவு ஏற்றது! தேயிலை, ரப்பர், சிறு தோட்டக்காரரின் மிளகு, கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய் வருகிற பையன்கள், எல்லாம் ஒரே மலைச்சரிவில்.

இஸ்தோப்பில் சரி போட்ட மாணவியிடம் திரும்பி வரும் வழியில் இதையெல்லாம் இவ்வளவு ஒழுங்காக நான் சொல்லவில்லை. "அந்த அக்கா சொன்னதும் நீங்க போட்டதும் ஒண்ணா மிஸ்?" என்று மட்டும் கேட்டேன். பஸ் வரும்வரை அவள் பேசவில்லை. அடுத்த மாதம் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். கேள்வித்தாள் இல்லை, ஒரு கொப்பி மட்டும். மடுவத்தின் ஓரமாக நின்று இரண்டு நிரல் போட்டாள்: தராசு காட்டிய கிலோ, ஏட்டில் ஏறிய கிலோ. முதல் நாள் யாரும் கிட்டே வரவில்லை. இரண்டாம் நாள் மாலை, அதே அக்கா கூடையை இறக்கிவிட்டு வந்து, "என் பேருக்கு நேரா என்னா இருக்கு, வாசிங்க மிஸ்" என்றார். அவள் வாசித்தாள். பின்னாலிருந்தவர்களும் ஒவ்வொருவராக வந்து தங்கள் பேருக்கு நேரே இருப்பதை வாசிக்கச் சொன்னார்கள்.

ஆய்வேடு பிறகு தேறியது. கேள்வித்தாள் அட்டவணைகள் ஒரு முழு அத்தியாயம். அந்த இரண்டு நிரல்கள் பின்னிணைப்பில், கடைசி நாலு பக்கம்.