குருவும் இல்லை, சீடனும் இல்லை: அம்பேத்கரும் அவருடைய அயல்நாட்டு ஆசிரியர்களும்

ஏப்ரல் 14 வந்துவிட்டால் நம் மேடைகளில் ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடுகிறது. ஜான் டூயி என்கிற மாபெரும் குரு, அவருக்கு வாய்த்த மாபெரும் சீடர் அம்பேத்கர் என்கிற பேச்சு. சொல்கிறவர்கள் நம்ம தோழர்கள்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. பாபாசாகேப் அமெரிக்கா போய்ப் படித்தார், உலகம் மதித்த அறிஞரிடம் பாடம் கேட்டார் என்று பெருமையாகச் சொல்ல வருகிறார்கள். ஆனால் அந்தப் பெருமையைச் சொல்ல அவர்கள் கையில் எடுத்த சொற்கள் யாருடையவை? குரு, சீடன், குருபக்தி, குருகாணிக்கை. யாரைத் தெருவில் நிறுத்திவிட்டு, எந்தத் திண்ணையில் உட்கார்ந்து புழங்கிய சொற்கள் இவை? இதைக் கேட்காமல் அம்பேத்கருக்கும் அவருடைய ஆசிரியர்களுக்கும் இருந்த உறவை வாசிக்க முடியாது.

தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் நன்னூல் பாயிரத்தை உருப்போட்டிருப்பார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி செய்த இலக்கணம். ஆசிரியருக்கு வேண்டிய தகுதிகளை அடுக்கும்போது முதலில் வருகிற சொல்லே 'குலன்'. கலை பயின்ற தெளிவெல்லாம் அப்புறம்தான். யாருக்குப் பாடம் சொல்லலாம் என்றும் பட்டியல் இருக்கிறது. தன் மகன், தன் ஆசிரியனுடைய மகன், மன்னன் மகன், பொருளை அள்ளிக் கொடுப்பவன், வழிபாடு செய்பவன், சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்பவன். கடைசி ஆளைக் காட்டி, 'பாருங்கய்யா, திறமைக்கும் இடம் கொடுத்திருக்கிறார்' என்று சமாதானம் சொல்வார்கள். கொடுத்திருக்கிறார், ஆறாவது இடம்.

மாணவன் நடந்துகொள்ளும் முறைக்கும் விதி உண்டு. குளிர்காய்கிறவன் நெருப்பிடம் இருப்பதுபோல ரொம்ப நெருங்காமலும் ரொம்ப விலகாமலும் இருக்கணும். நிழலைப்போல ஆசானைப் பிரியாமல் இருக்கணும். நிழலுக்கு ஏது சொந்த நடை? ஆசான் கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும். ஏகலைவன் கதை இந்த விதியின் இன்னொரு முகம். நிழலாக இருக்கக்கூட அனுமதி இல்லாதவன் தானாக வில்வித்தை படித்துவிட்டால் கட்டைவிரலை வாங்கிவிடு.

இந்தச் சட்டகத்துக்குள் அம்பேத்கரைக் கொண்டுபோய் உட்காரவைத்தால் அவர் டூயியின் நிழல் ஆகிவிடுகிறார். 'எல்லாம் வெள்ளைக்கார வாத்தியார் சொல்லிக்கொடுத்தது' என்று அவரைத் தள்ளிவிட நினைப்பவர்களுக்கு நாமே பாதை போட்டுக் கொடுத்தது மாதிரி.

நடந்ததைப் பார்ப்போம். 1913 ஜூலையில், 22 வயதில், அம்பேத்கர் நியூயார்க் போய்ச் சேர்கிறார். பரோடா மன்னர் சாயாஜிராவ் மாதம் பதினொன்றரைப் பவுண்டு வீதம் மூன்று வருஷத்துக்கு உதவித்தொகை கொடுத்திருந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்துக்கு எட்வின் செலிக்மன், தத்துவத்துக்கு ஜான் டூயி, வரலாற்றுக்கு ஜேம்ஸ் ஷாட்வெல்லும் ஜேம்ஸ் ஹார்வி ராபின்சனும், மானுடவியலுக்கு அலெக்சாண்டர் கோல்டன்வைசர். பின்னால் 1930ல் அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் இதழில், தன் வாழ்நாளில் கிடைத்த மிக நல்ல நண்பர்கள் யார் என்று அம்பேத்கர் சொல்கிறார். கூடப்படித்த சிலரைச் சொல்லிவிட்டு டூயி, ஷாட்வெல், செலிக்மன், ராபின்சன் என்று நான்கு பேராசிரியர்களின் பெயரைச் சொல்கிறார். அவர் போட்ட சொல் 'நண்பர்கள்'. இந்த ஒரு சொல்லை மேடைக்காரர்கள் கவனித்திருந்தால் போதும், குரு பேச்சே வந்திருக்காது.

நண்பர் என்றால் என்ன என்பதை செலிக்மன் விஷயத்தில் பார்க்கலாம். மாணவன் நியூயார்க்கை விட்டு லண்டனுக்குப் போனபோது, லண்டன் பொருளாதாரப் பள்ளியில் இருந்த ஹெர்பர்ட் ஃபாக்ஸ்வெல்லுக்கு செலிக்மன் பரிந்துரைக் கடிதம் எழுதினார். 1917ல் உதவித்தொகை முடிந்து படிப்பைப் பாதியில் விட்டு அம்பேத்கர் ஊர் திரும்பும்போது, அவருடைய பெட்டிகளை ஏற்றிவந்த கப்பல் உலகப்போரில் குண்டடிபட்டு மூழ்கியது. ஆய்வுக் கையெழுத்துப்படியும் கடலோடு போச்சு. 1922ல் லண்டனிலிருந்து அம்பேத்கர் இந்த இழப்பைச் சொல்லி, புதிதாக ஓர் ஆய்வு எழுதியிருப்பதைத் தெரிவித்துக் கடிதம் போடுவது செலிக்மனுக்குத்தான். 1925ல் பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றிய அம்பேத்கரின் புத்தகம் வெளிவந்தபோது முன்னுரை எழுதியவரும் செலிக்மன். இந்தப் பொருளின் அடிப்படைக் கோட்பாடுகளை இவ்வளவு விரிவாக ஆராய்ந்த நூல் வேறெங்கும் இருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்று எழுதினார். டாக்டர் பட்டம் கைக்கு வந்தது 1927ல். கொலம்பியாவை விட்டுப் பதினோரு வருஷம் கழித்து. அத்தனை காலமும் அறுந்துபோகாத உறவு இது. அதில் பாதபூஜை இல்லை. கடிதம் இருக்கிறது, பரிந்துரை இருக்கிறது, புத்தகத்தைப் படித்துச் சொன்ன கருத்து இருக்கிறது.

லண்டனில் எட்வின் கேனன் இன்னொரு படி மேலே போனார். 1923ல் வந்த 'ரூபாயின் பிரச்சினை' நூலுக்கு முன்னுரை எழுதும்போது, இதில் பலவற்றைத் தான் ஒப்புக்கொள்ளவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்; ஆனாலும் கருத்துகளில் புதுமை இருக்கிறது என்றார். மாணவனின் புத்தகத்திலேயே ஆசிரியர் முரண்படுகிறார், மாணவன் அதை அப்படியே அச்சில் போடுகிறார். நம்ம ஊர்ப் பல்கலைக்கழகங்களில் வாழ்த்துரையும் அணிந்துரையும் வாங்கி அச்சடித்த ஆய்வேடுகளை எடுத்துப் பாருங்கள். எதிலாவது இப்படி ஒரு முன்னுரையைக் காட்ட முடியுமா?

டூயியோடான உறவு வேறு மாதிரி. 'ஜனநாயகமும் கல்வியும்' என்ற டூயியின் நூல் வந்தது 1916ல், அம்பேத்கர் நியூயார்க்கை விட்டுக் கிளம்பிய அதே வருஷம். லண்டனில் அவர் கைக்கு வந்த அந்த நூலின் பிரதி, அவர் போட்ட கோடுகளோடு, பம்பாய் சித்தார்த்தா கல்லூரி நூலகத்தில் சேர்ந்திருக்கிறது. வகுப்பு முடிந்தபின் தொடர்ந்த பாடம் அது. சமூகக் குழுக்கள் ஒன்றோடொன்று தாராளமாகக் கொண்டும் கொடுத்தும் வாழாவிட்டால் ஒருபக்கம் எஜமானும் மறுபக்கம் அடிமையும்தான் மிஞ்சும் என்பதைச் சொல்ல டூயி அறிவியலிலிருந்து ஒரு சொல்லை எடுத்தார். நம் பள்ளிப் புத்தகங்கள் சவ்வூடு பரவல் என்று சொல்வதோடு சேர்ந்த சொல். அம்பேத்கர் அதை 1919ல் சவுத்பரோ குழுவின் முன் எடுத்துவைக்கிறார். 1936ல் பேச விடாமல் ரத்து செய்யப்பட்டு அவரே அச்சிட்ட உரையில், பெரியார் 'ஜாதியை ஒழிக்க வழி' என்று தமிழில் கொண்டுவந்த அந்த உரையில், மறுபடியும் பயன்படுத்துகிறார். அதே உரையின் கடைசிப் பகுதியில் டூயியைத் தன் ஆசிரியர் என்றும், தான் அவருக்கு நிறையக் கடன்பட்டவன் என்றும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார்.

கடன் என்றார். எப்படி அடைத்தார்? பழங்காலத்திலிருந்து வந்து குவிந்த பயனற்ற கழிவையெல்லாம் அடுத்த தலைமுறைக்குக் கடத்தக்கூடாது, நல்லதைப் பொறுக்கிக் கொடுக்கணும் என்பது டூயியின் வாதம். அந்தப் பொறுப்பை டூயி ஒப்படைத்தது பள்ளிக்கூடத்திடம். அம்பேத்கருக்குப் பள்ளிக்கூடம் என்றால் என்னவென்று தெரியும். வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் தனியாக உட்கார்ந்தவர். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர், பியூன் வரலைன்னா தாகத்தோடு இருந்தவர். கழிவை வடிகட்ட வேண்டிய இடத்திலேயே கழிவு உட்கார்ந்திருக்கிறது. அதனால் அவர் டூயியின் வாதத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து பெயர்த்து சாஸ்திரத்தின் தலைமேல் கொண்டுபோய் வைத்தார். சாஸ்திரங்கள் புனிதமானவை என்ற நம்பிக்கையை உடைக்காமல் சாதி போகாது என்றார். இது டூயி சொன்னதல்ல. டூயியிடம் படித்த ஒரு மகார் சொன்னது. நிழலால் இப்படிப் பேச முடியாது.

1952 ஜூனில் கொலம்பியா கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்க அழைத்தபோது, டூயியைப் பார்க்கலாம் என்ற ஆசையோடு அம்பேத்கர் விமானம் ஏறினார். ஜூன் 1ஆம் தேதி டூயி இறந்துபோனார். பட்டமளிப்பு ஜூன் 5ஆம் தேதி. தன் அறிவு வாழ்க்கை முழுவதையும் அவருக்குக் கடன்பட்டிருப்பதாக மனைவி சவிதாவுக்கு எழுதினார். அப்போது அவருக்கு 61 வயது. அரசியல் சட்டத்தை எழுதி முடித்து, மந்திரி பதவியையும் தூக்கி எறிந்துவிட்டிருந்தார். இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கடனைச் சொல்ல அவருக்குக் கூச்சமில்லை. முரண்பட்டவனால்தான் இப்படிக் கூச்சமில்லாமல் நன்றி சொல்ல முடிகிறது.

இதைச் சொல்வதால் வெள்ளைக்கார ஆசிரியர்களுக்கு நாம் சிலை வைக்க வேண்டியதில்லை. கறுப்பர்களைத் தனிப்பெட்டியில் ஏற்றிய நாடுதான் அது. நியூயார்க்கின் சிபாரிசு பரோடாவில் செல்லவும் இல்லை. 1917ல் அங்கே வேலைக்குப் போன கொலம்பியா எம்.ஏ.வுக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை; பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். ஆசிரியரின் நட்பு சாதியை ஒழிக்காது. அது வேறு ஒன்றைச் செய்தது. இந்த மாணவன் தன் ஊரை, தன் காயத்தைத் தானே ஆராயலாம் என்று இடம் கொடுத்தது. 1916 மே 9ஆம் தேதி கோல்டன்வைசரின் கருத்தரங்கில் அம்பேத்கர் படித்த கட்டுரை இந்தியாவின் சாதிகளைப் பற்றியது.

இதை ஏன் இன்றைக்குப் பேசணும்? 2022ல் ஒன்றிய அரசின் சமூக நீதி அமைச்சகம், பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிப்பதற்கான தேசிய உதவித்தொகைக்கு வெளியிட்ட விதிகளில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளை விலக்கியது. அந்த விதி 1913ல் இருந்திருந்தால் மே 9 கட்டுரை எழுதிய மாணவனுக்குப் பணம் கிடையாது. கணக்கும் கணினியும் படிக்கப் போ, உன் சாதியைப் பற்றி ஆராயப் போகாதே என்று அதற்கு அர்த்தம். உள்நாட்டு நிலைமையும் நமக்குத் தெரிந்ததுதான். 2008ல் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட சேலத்து ஆய்வு மாணவர் செந்தில்குமாருக்கு ஆய்வு நெறியாளர்கூட ஒதுக்கப்படாமல் இருந்தது. ஒரு செலிக்மன் அல்ல, கையெழுத்துப் போட ஓர் ஆள் இல்லை.

ஆகவே தோழர்கள் அடுத்த ஏப்ரலில் டூயியின் பெயரைச் சொல்லும்போது குருவையும் சீடனையும் விட்டுவிட்டு இவற்றைக் கேளுங்கள். ஒவ்வோர் ஆய்வு மாணவருக்கும் நெறியாளர் வேண்டும். மாணவர் தன் சமூகத்தைப் பற்றி எந்த நாட்டில் வேண்டுமானாலும் ஆராய உதவித்தொகை வேண்டும். நம்மில் வாத்தியார் வேலைக்குப் போனவர்கள், தங்களோடு முரண்படுகிற பிள்ளைக்கும் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும். அந்தப் பிள்ளை கடல் தாண்டிப் போனபின்னும் அதன் கடிதத்துக்குப் பதில் போட வேண்டும்.