பிவட் காலே, நீ வாழ்க!

கூடைப்பந்தாட்டம் பார்க்க உட்காருகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான்: பந்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். பந்து எங்கே போகிறது என்பது கூட்டம் போடுகிற சத்தத்திலேயே தெரிந்துவிடும். கால் என்ன செய்கிறதென்று ஒருவரும் சத்தம் போட்டுச் சொல்லமாட்டார்கள். நடுவர் விசிலை ஊதி, இரண்டு முஷ்டிகளையும் ஒன்றைச் சுற்றி ஒன்றாக உருட்டிக் காட்டுவார். "என்ன, என்ன ஆச்சு?" என்று பாதிப் பேர் முழிப்பார்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சட்டத்தை மீறிக் கால் வைத்தார் என்பதுதான் அந்தச் சைகை; அந்தக் குற்றத்துக்குப் பெயர் ட்ரவலிங். அதற்குப் பின்னால் இருக்கிற சட்டம் இருக்கிறதே, அதைப்போல அழகான ஒன்றை வேறெந்த விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை. மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

மாத்தளைப் பக்கத்து இரத்தோட்டைக்காரிக்கும் கூடைப்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ரிவர்ஸ்டன் பார்க்கப் போகிறவர்கள் வேனை நிறுத்தித் தேத்தண்ணி குடிக்கிற ஊராகத்தான் வெளியாருக்கு எங்களைத் தெரியும். இல்லாவிட்டால் மிளகும் கராம்பும் வாங்க வருகிற வியாபாரிகளுக்குத் தெரியும். விளையாட்டென்றால் கிரிக்கட், வொலிபோல், எல்லே. பெண் பிள்ளைகளுக்கு நெட்போல். நானும் பாடசாலைக் காலத்தில் நெட்போல்காரிதான், சென்டர் ஆடினேன். அந்தக் கால்களோடு கூடைப்பந்து பார்க்க வந்ததால்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது என்பது என் உறுதியான எண்ணம்.

நெட்போலில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் கதையே கிடையாது. பிடித்தால் 3 விநாடிக்குள் விட்டுவிட வேண்டும். பிடித்து இறங்கும்போது முதலில் ஊன்றிய காலைத் தூக்கலாம். ஆனால் அது மறுபடி தரையைத் தொடுவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். எங்கள் டீச்சர் இதை எங்கள் எலும்பில் எழுதியே அனுப்பினார். இலங்கை நெட்போல் வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் ஆடியபோது எல்லோரும் அவருடைய 208 சென்டிமீற்றர் உயரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் 348 கோல் போட்டு முதலிடம் பிடித்தவர், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவ்வளவு உயரத்தில் பந்தைப் பிடித்துக்கொண்டு அந்தக் கால் எவ்வளவு பதமாகத் தரையில் இறங்கியது என்று கவனித்திருக்கிறீர்களா? அடடா! அது ஒரு தனிப் படிப்பு.

கூடைப்பந்துப் பைத்தியத்தை எனக்கு ஏற்றிவிட்டவன் என் அண்ணன் மகன். கண்டியில் படிக்கிறான், பாடசாலை அணியில் ஆடுகிறான், லீவுக்கு வந்தால் பந்தோடுதான் பஸ்ஸை விட்டு இறங்குவான். எங்கள் வீட்டு முன்னால் மிளகு காயப்போடுகிற சீமெந்துத் தளம்தான் அவனுக்கு மைதானம். ஒரு நாள் போனில் என்.பி.ஏ. மெச் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "டேய், இவன் மூணு அடி வைக்கிறான்டா, விசிலே ஊதலையே!" என்று கத்தினேன். அவன் பதற்றப்படவே இல்லை.

"அத்தை, அடிய எண்ணாதீங்க. முதல்ல சொல்லுங்க, பந்து எப்ப அவன் கையில நின்னுச்சு?"

இந்த ஒரு கேள்விதான் திறப்பு. இதைக் கேட்டுவிட்டால் அத்தனை பூட்டும் கழன்று விழுகிறது. ட்ரவலிங் என்பது எத்தனை அடி என்ற கணக்கு இல்லவே இல்லை. எந்த நொடியில் இருந்து எண்ணத் தொடங்குவது என்ற கணக்கு. பந்து தரையில் குதித்துக்கொண்டு, கையில் ஒட்டாமல் இருக்கிறவரை நீங்கள் எத்தனை அடி வேண்டுமானாலும் வைக்கலாம். பந்தை முன்னால் தூரமாகத் தட்டிவிட்டுப் பத்து எட்டு ஓடிப்போய் மறுபடி தட்டினாலும் ஒருவரும் கேட்க முடியாது. பந்து கட்டுக்குள் வந்து நின்ற அந்தக் கணத்தில்தான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

மருமகன் சோக் கட்டியை எடுத்துத் தளத்தில் பாதங்களை வரைந்தான். ஓடிக்கொண்டே பந்தைச் சேர்த்துப் பிடிக்கிறீர்கள். அந்தக் கணத்தில் ஏற்கெனவே தரையில் இருக்கிற காலுக்கு எண் பூச்சியம். அடுத்துப் படுகிற கால் ஒன்று, அதற்கடுத்தது இரண்டு. கட்டடத்தில் தரைத்தளத்தை விட்டுவிட்டு மேலே இருப்பதை முதலாம் மாடி என்கிறோமே, அதே கணக்கு. இரண்டாவது அடிக்குப் பிறகு எழும்பி எறிந்தாக வேண்டும், அல்லது பாஸ் கொடுக்க வேண்டும், அல்லது நின்றுவிட வேண்டும். பார்க்கிறவர் கண்ணுக்கு மூன்று கால் படுகிறது. சட்டத்தின் கண்ணுக்கு இரண்டு. ஃபிபா எனும் சர்வதேசச் சம்மேளனம் இந்தப் பூச்சிய அடியை வெளிப்படையாகத் தன் விதிப் புத்தகத்தில் சேர்த்தது 2017இல்தான். அதற்கு முன் கற்றுக்கொண்டவர்கள் ஓடிவந்து கூடைக்குள் போடும் இன்றைய லே-அப்பைப் பார்த்துப் பல்லைக் கடிப்பதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் கவனியுங்கள், தட்டத் தொடங்கும்போது சட்டம் திடீரென்று கறாராகிவிடுகிறது! அசையாமல் இரண்டு கால்களையும் ஊன்றி நின்று பந்தை வாங்கினால், ஒரு காலைத் தூக்கிய கணமே மற்றது பிவட் கால், அதாவது இடம் மாறாமல் ஊன்றி நின்று நீங்கள் சுழலும் அச்சு. அந்தப் பிவட் கால் தரையை விட்டு எழும்புவதற்கு முன்னால் பந்து கையை விட்டுப் புறப்பட்டிருக்க வேண்டும். முடிக்கும்போது அவ்வளவு தாராளம் காட்டுகிற சட்டம், தொடங்கும்போது இம்மி இடம் தராது. புதிதாக ஆடுகிற பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். வேகமாகப் பாய வேண்டும் என்ற அவசரத்தில் கால் முந்திவிடும், பந்து பிந்திவிடும். விசில்! கண்டியில் ஒரு மெச்சுக்கு மருமகனோடு போயிருந்தேன். அவன் எதிரணிப் பையனுக்கு இப்படி விசில் விழப்போகிறது என்பதை நடுவருக்கு முன்பே நான் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்குப் பதக்கம் குத்திவிட்ட மாதிரிதான்.

எனக்கு உயிர்போகிற அளவு பிடித்தது இன்னொன்று. பிவட் காலைத் தூக்கவே கூடாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தூக்கலாம்! எறியவோ பாஸ் கொடுக்கவோ தூக்கலாம், பந்து போகும்வரை அது திரும்பத் தரையில் படக்கூடாது, அவ்வளவே. உயரமான ஆட்டக்காரர் கூடைக்குக் கீழே ஒரு தடவை எறிவதுபோல் பாவனை காட்டுவார். தடுப்பவர் ஏமாந்து எழும்புவார். இவர் மறு காலை அவருடைய கைக்குக் கீழால் நீட்டி வைத்து, பிவட் காலை மெல்ல எடுத்து, சாவகாசமாகப் பந்தைப் போடுவார். கூட்டத்தில் பாதி 'ட்ரவலிங்!' என்று அலறும். நெட்போல்காரி மட்டும் சிரித்துக்கொண்டிருப்பாள். ஏனென்றால் அது அவளுடைய டீச்சர் சொல்லிக்கொடுத்த அதே பாடம்.

அதே பாடமாக இருப்பதிலும் நியாயம் இருக்கிறது, நெட்போலும் கூடைப்பந்தும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், குளிர்காலத்தில் உள்ளே அடைபட்டுக் கிடந்த மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கட்டினார். பீச் பழக் கூடை இரண்டு, விதிகள் 13. பந்தோடு ஓடக்கூடாது, பிடித்த இடத்தில் இருந்தே எறிய வேண்டும் என்பது அவற்றில் மூன்றாவது. வேகமாக ஓடிவந்து பிடித்தவருக்கு மட்டும் கொஞ்சம் சலுகை. அந்தச் சலுகையின் கொள்ளுப் பேத்திதான் பூச்சிய அடி என்று எனக்குத் தோன்றும். பந்தைத் தட்டிக்கொண்டு போகிற ட்ரிபிள் என்ற பேச்சே அந்த 13இல் கிடையாது! ஓட முடியாமல் தவித்தவர்கள், பந்தைக் கீழே போட்டுத் தாங்களே எடுத்துக்கொண்டால் என்ன என்று கண்டுபிடித்த ஓட்டைதான் ட்ரிபிள். தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் பாஸ். என்ன ஒரு கள்ளத்தனமான அறிவு! இங்கிலாந்துக்குப் போய் நெட்போலாக வளர்ந்த தங்கை அந்த ஓட்டையை அடைத்துவிட்டாள், அக்கா அதையே வாசலாக்கிக்கொண்டாள். 1927இல் அமெரிக்க விதிக் குழு ட்ரிபிளை ஒரே ஒரு தட்டலோடு நிறுத்தப் பார்த்தது. நெய்ஸ்மித்திடமே படித்த ஃபொக் அலன் பயிற்றுநர்களைத் திரட்டி எதிர்த்து நின்றார், குழு பின்வாங்கியது. அந்த ஆள் மட்டும் சும்மா இருந்திருந்தால் என் மருமகன் இன்று எங்கள் தளத்தை இந்தப் பாடு படுத்தமாட்டான்.

நம் நாட்டில் இந்த விளையாட்டைத் தமிழ்ப் பிள்ளைகளின் காலில் ஏற்றிய ஊர்களில் ஒன்று மட்டக்களப்பு. லூசியானாவில் இருந்து 1948இல் வந்த இயேசு சபைக் குருவானவர் யூஜின் ஜோன் ஹெபர்ட், புனித மிக்கேல் கல்லூரிப் பையன்களைப் பயிற்றுவித்து, தீவு முழுக்கப் பேசும் அணியாக்கினார். போர்க்காலத்தில் மக்களுக்காகக் குரல் கொடுத்தவர். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூட வந்த சிறுவனோடு காணாமல் போனார். இன்றுவரை தகவல் இல்லை. மாத்தளையில் வேலை பார்த்த மட்டக்களப்பு ஐயா ஒருவரோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ட்ரவலிங் பற்றிப் பேச்சு வந்தது. அறுபது தாண்டிய மனிதர், குடையைப் பந்தாகப் பிடித்துக்கொண்டு இடது காலில் அப்படியே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார் பாருங்கள், குதி ஒரு அங்குலம் நகரவில்லை!

பந்து எப்போது கையில் நின்றது என்ற மருமகனின் கேள்விதான் ட்ரிபிளுக்கும் திறப்பு. இரண்டு கையும் ஒரே நேரத்தில் பந்தைத் தொட்டால், அல்லது ஒரு கையிலேயே பந்து ஓய்வெடுத்தால், ட்ரிபிள் முடிந்தது. மறுபடி தட்டினால் டபுள் ட்ரிபிள். நடுவர் இரண்டு உள்ளங்கைகளையும் மாறி மாறி மேலும் கீழும் ஆட்டுவார். உள்ளங்கையைப் பந்துக்கு அடியில் கொடுத்து ஏந்திக்கொண்டு போனாலும் ஓய்வெடுத்ததாகத்தான் கணக்கு. ஆனால் கை நழுவினால் குற்றமில்லை, போய் எடுத்துக்கொள்ளலாம். ட்ரிபிளை முடித்தபிறகு நழுவியிருந்தால் எடுக்கலாம், தட்ட முடியாது. எதிரணிக்காரர் கை பட்டுப் பந்து போய்விட்டதா? புதுக் கணக்கு, தாராளமாகத் தட்டலாம்.

பெரிய நட்சத்திரங்கள் மாட்டிக்கொள்வதைப் பார்க்கிற சந்தோஷம் தனி. 2009 ஜனவரியில் வொஷிங்டன் அணிக்கு எதிரான மெச்சின் கடைசி நொடிகளில் லெப்ரோன் ஜேம்ஸுக்கு ட்ரவலிங் ஊதினார்கள். அவர் அசராமல் அது 'நண்டு ட்ரிபிள்' என்றார்! நண்டாவது நத்தையாவது, அடி கூடித்தான் போயிருந்தது. 2018 டிசம்பரில் ஜேம்ஸ் ஹார்டன் யூட்டா அணிக்கு எதிராகப் பின்னுக்குப் பின்னுக்குத் துள்ளி எறிந்தபோது விசிலே வரவில்லை; அது ட்ரவலிங்தான் என்று நடுவர் தரப்பு பிறகு ஒப்புக்கொண்டது. இவற்றை யூடியூபில் வேகத்தைக் குறைத்துப் போட்டுப் பாருங்கள். பந்து கையில் நிற்கிற கணத்தில் நிறுத்துங்கள். தரையில் எந்தக் கால்? அதிலிருந்து எண்ணுங்கள். நடுவர் இதை ஒரே பார்வையில், ஓடிக்கொண்டே, மறுபடி பார்க்கும் வசதியில்லாமல் செய்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு நடுவர்கள் மேலேயே காதல் வருகிறது.

இன்னும் எனக்கும் மருமகனுக்கும் சண்டை ஓயாத இடம் ஒன்று உண்டு: இரண்டு காலில் நிற்பது. காற்றில் பந்தைப் பிடித்து இரண்டு காலும் சேர்ந்து இறங்கினால் எந்தக் காலையும் பிவட் ஆக்கலாம். ஆனால் முதலில் ஒரு காலில் இறங்கி, அதிலேயே எழும்பி, பிறகு இரண்டு காலும் சேர்ந்து இறங்கினால் எந்தக் காலும் பிவட் இல்லை. சுழலவே முடியாது, எறி, அல்லது கொடு. முடிவில் இருவரும் ஒரே மாதிரித்தான் நிற்பார்கள்! நடுவில் இருக்கிற ஒரு சின்னத் தொடுகைதான் ஒருவருக்குச் சுதந்திரம் தருகிறது, மற்றவரைக் கட்டிப்போடுகிறது. மருமகன் தான் செய்தது முதலாவது வகை என்று ஒவ்வொரு தடவையும் சாதிப்பான். நான் தளத்தில் படிந்த மிளகுத் தூசியில் அவன் தடத்தைக் காட்டுவேன்.

போன லீவில் அடுத்த விதியையும் கிளப்பிவிட்டுப் போனான். பந்தோடு விழுந்து சறுக்கிக்கொண்டு போனால் ட்ரவலிங் இல்லையாம். எவ்வளவு தூரம் சறுக்கினாலும் இல்லையாம்! பந்தை வைத்துக்கொண்டு உருண்டால், எழும்பப் பார்த்தால்தான் விசிலாம். விதிப் புத்தகத்தைத் தேடிப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. "செஞ்சு காட்டட்டுமா அத்தை?" என்று தளத்தின் ஓரத்தில் ஓட்டத்துக்குத் தயாராக நின்றான். நடுவில் ஒன்றரை மூட்டை மிளகு காய்ந்துகொண்டிருந்தது. "முதல்ல மிளகை அள்ளுடா!" என்றேன்.