ரஜினி படம்: ஒரு காரைக்குடிச் சரக்கு

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுப் படம் எடுப்பது தமிழில் அண்மைக் காலத்து வழக்கம். அதற்கு வெகுகாலம் முன்பே எண் போடாத தொடர் ஒன்று இங்கே ஓடிக்கொண்டிருந்தது. கதை மாறும், இயக்குநர் மாறுவார், கதாநாயகன் பெயர் காளையன் ஆகும், மாணிக்கம் ஆகும். சுவரொட்டியைப் பார்ப்பவருக்கு அது ‘ரஜினி படம்’. 1975இல் ரஜினியைக் கண்டெடுத்தவர் பாலசந்தர். ஆனால் அந்த நடிகரை வைத்து வருஷா வருஷம் ஓடுகிற படம் எடுப்பது எப்படி என்று ஊருக்குக் காட்டியவர் எஸ்.பி. முத்துராமன். 1977இல் ‘புவனா ஒரு கேள்விக்குறி’ தொடங்கி 1992இல் ‘பாண்டியன்’ வரை இருவரும் சேர்ந்து 25 படங்கள்.

இந்தச் சரக்கின் முகவரி செட்டிநாடு. ஏவி. மெய்யப்பன் தம் ஸ்டூடியோவைக் காரைக்குடியில், தேவகோட்டை ரஸ்தாவில்தான் முதலில் போட்டார். 1947இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே உருவானது. அதற்கடுத்த ஆண்டு ஸ்டூடியோ கோடம்பாக்கம் போய்விட்டது. முத்துராமன் 1935இல் காரைக்குடியில் பிறந்தவர், திராவிட இயக்கத்து இராம. சுப்பையாவின் மகன், ஏவி.எம்.மின் எடிட்டிங் அறையில் தொழில் பழகியவர். கண்ணதாசனிடம் உதவியாளராக இருந்த பஞ்சு அருணாசலத்துக்கு ஊர் சிறுகூடல்பட்டி. மெய்யப்பன் மறைந்த மறு வருஷம், 1980இல், ஏவி.எம். பிள்ளைகள் எடுத்த ‘முரட்டுக்காளை’யில் மூன்று கிளையும் கூடின: ஏவி.எம்.மின் பணம், பஞ்சுவின் எழுத்து, முத்துராமனின் இயக்கம்.

அந்தப் படத்தை இன்று பார்த்தாலும் வேலைப்பாடு தெரியும். மாடு பிடிக்கிற காளையனுக்கு நான்கு தம்பிகள். அவன் வீரத்தைக் காட்டுவதற்கு முன்னால் அவன் வீட்டைக் காட்டிவிடுகிறார் இயக்குநர். அதுவரை நாயகனாகவே வலம் வந்த ஜெய்சங்கரை வில்லன் ஆக்கியதில், எதிராளிக்கும் ஒரு கனம் வந்தது. ஜூடோ ரத்னம் அமைத்த ரயில் சண்டையில் ரசிகன் பதறுவது, வீட்டுப்பிள்ளை விழுந்துவிடுவானோ என்றுதான். பிறகு வந்தவற்றில் பாதிக்குமேல் வேற்றுமொழிக் கதைகள். ‘த்ரிசூல்’ ‘மிஸ்டர் பாரத்’ ஆயிற்று, ‘நமக் ஹலால்’ ‘வேலைக்காரன்’ ஆயிற்று. அமிதாப்பின் பாத்திரம் இங்கே வரும்போது அண்ணனாக, மாமனாக, கொஞ்சம் அசட்டுத்தனமும் உள்ளவனாக இறங்கிவிடும். முத்துராமனின் பாணி என்று நான் சொல்வது இந்த இறக்கத்தை. கேமரா கோணத்திலோ வெட்டிலோ அவர் கையெழுத்தைத் தேடினால் கிடைக்காது.

1992 ஒரு கைமாற்றம். அந்த ஜூனில் சுரேஷ் கிருஷ்ணாவின் ‘அண்ணாமலை’ வந்தது. ‘சூப்பர் ஸ்டார்’ என்று புள்ளிபுள்ளியாய் எழுத்து கூடும் டைட்டில் அதிலிருந்துதான். தீபாவளிக்கு, முத்துராமனின் குழுவில் உழைத்தவர்களுக்கு உதவ ரஜினி நடித்துக்கொடுத்த ‘பாண்டியன்’ வந்தது. தொடர் கைமாறியது, அச்சு மாறவில்லை. 1994இல் ‘வீரா’வுக்குச் சுரேஷ் கிருஷ்ணா இயக்குநர் என்றால், தயாரிப்பும் திரைக்கதையும் பஞ்சு. ‘பாட்ஷா’ (1995) ‘ஹம்’ என்ற இந்திப் படத்துக்குப் பட்ட கடனைப் பலரும் சொல்லிவிட்டார்கள். பதினோரு வருஷம் முன்பே ‘நல்லவனுக்கு நல்லவன்’ படத்தில் அடிதடியை விட்டுத் திருந்தி வாழ்ந்தவனுக்கும் மாணிக்கம் என்றுதான் பெயர். ‘பாட்ஷா’வின் ஆட்டோக்கார மாணிக்கம் கம்பத்தில் கட்டுண்டு, கை ஓங்காமல் அடி வாங்கும்போது தியேட்டர் பொறுத்திருந்ததற்குக் காரணம், பொறுத்துப்போகிற ரஜினியை முத்துராமன் ஏற்கெனவே பழக்கியிருந்ததுதான்.

தொண்ணூறுகள் எடுத்துக்கொள்ளாமல் விட்டது ஒன்று உண்டு. ‘ஆறிலிருந்து அறுபது வரை’யில் (1979) தம்பி தங்கைகளை ஆளாக்கிவிட்டு அவர்களாலேயே ஒதுக்கப்பட்டவனாக, தளர்ந்து நரைத்து நின்றார் ரஜினி. அதை எழுதியவரும் பஞ்சுதான். ‘அண்ணாமலை’க்குப் பிறகு நாயகன் தோற்றாலும் அது இடைவேளைக்காகத் தோற்ற தோல்வி. 2007இல் ஏவி.எம். திரும்ப வந்து ஷங்கரிடம் கொடுத்த ‘சிவாஜி’யும் அப்படியே: ஒரு ரூபாய்க் காசோடு நிற்பவன் அடுத்த ரீலில் எழுந்துவிடுவான். 2019இன் ‘பேட்ட’ ஒரு ரசிகரின் காணிக்கை, அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நெல்சனின் ‘ஜெயிலர்’ (2023) முதல் பாதியில் பேரனின் யூடியூப் சேனலுக்கு ஒத்தாசை செய்துகொண்டு வீட்டில் கிடக்கும் கிழவர், முத்துராமனுக்கு நெருங்கிய சொந்தம்.

வழிவழியாக வந்ததில் கசடும் உண்டு. கமலை வைத்து முத்துராமன் எடுத்த ‘சகலகலா வல்லவன்’ (1982), திமிர் பிடித்த பணக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்து அடக்குவதை வெற்றிச் சூத்திரமாக்கியது. மகேந்திரனும் பாரதிராஜாவும் திறந்த வழியை அடைத்த படம் என்று விமர்சகர்கள் அதை இன்றும் திட்டுவார்கள். ரஜினி தொடருக்குள்ளும் அந்தச் சூத்திரம் வந்து ‘மன்னன்’, ‘படையப்பா’ என்று நீண்டது. ‘படையப்பா’வில் உட்கார நாற்காலி தராத நீலாம்பரியின் முன்னால், மேலே கட்டியிருந்த ஊஞ்சலைத் துண்டால் இழுத்துப்போட்டு உட்கார்கிறான் நாயகன். அரங்கு அதிர்ந்தது உண்மை. ஆனாலும் அந்தக் காட்சியில் ரம்யா கிருஷ்ணனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்க முடிவதில்லை. அடக்கப்பட வேண்டியவளாக எழுதப்பட்டவள் படத்தையே கைப்பற்றிக்கொண்டாள். அதே ரம்யா கிருஷ்ணன் ‘ஜெயிலர்’ படத்தில் ரஜினிக்கு மனைவி. பயப்படுவதையும் அழுவதையும் தவிர அவருக்கு அதில் பெரிதாக வேலை இல்லை.