90 மி.மீ. கழுத்து

நிஸ்ஸானின் ஆர்பி25 டர்போ என்ஜினை முறுக்கேற்றுபவர்களில் பலர் இன்ஃபினிட்டி க்யூ45 காரின் 90 மி.மீ. த்ராட்டில் பாடியை, அதாவது என்ஜினுக்குப் போகும் காற்றை ஒரு தகட்டால் கட்டுப்படுத்தும் கழுத்தை, தேடிப் பிடிப்பார்கள். 4.5 லிட்டர் வி8-க்குச் செய்த பாகம், 2.5 லிட்டர் என்ஜினில் வந்து உட்காருகிறது.

கையில் எடுத்துப் பார்த்தால் ரசிக்க எவ்வளவோ இருக்கிறது. வட்டத் தகட்டின் விளிம்பை லேசான சரிவாகச் சீவியிருப்பார்கள். மூடினால் துளையோடு அப்படிப் பொருந்தும். தகட்டைத் தண்டோடு பிடிக்கும் குட்டித் திருகுகள் கழன்றால் நேரே என்ஜினுக்குள்தான் போகும். அதனால் அவற்றின் நுனியை நசுக்கிவிடுவது வழக்கம். அந்த அக்கறை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். 60-லிருந்து 70 மி.மீ. போனாலே வழி 36 சதவீதம் கூடிவிடும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடக் கூடாது. முழு ஆக்ஸிலரேட்டரில் தகட்டுக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றென்றால் பழையதே போதும். பின்னால் குறைந்தால், அந்த வித்தியாசத்துக்காக டர்போ வீணாக உழைக்கிறது.

மாட்டும்போது இன்டேக் மேனிஃபோல்டின் வாயும் அதே அளவாக இருக்க வேண்டும். உள்ளே ஒரு படி நின்றால் பலனில்லை. தண்டின் சீல் தேய்ந்திருந்தால் பூஸ்ட் அங்கேயே கசியும். த்ராட்டில் சென்சாரையும் புதிதாக அமைக்க வேண்டும்.

பெரிய கழுத்தில் மிதியை லேசாகத் தொட்டாலே வண்டி துள்ளும். தினமும் ஊருக்குள் ஓட்டும் காருக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பெரிய டர்போவும் புதிய மேனிஃபோல்டும் போட்டவர்கள் தாராளமாக வாங்கலாம்.