மின்கிட்டாரின் பாணிகளும் வீட்டு வாசிப்பின் அளவுகோலும்

வீணையைக் கேட்ட மாத்திரத்தில் தஞ்சாவூர்ப் பாணி, மைசூர்ப் பாணி என்று பிரித்துச் சொல்லும் ரசிகர்கள் நம்மிடையே உண்டு. அங்கே பாணி என்பது குருவின் கையிலிருந்து சீடரின் கைக்கு இறங்கி வருவது. மின்கிட்டாருக்கும் பாணிகள் உண்டு. பழகிய காது நாலே சுரத்தில் கண்டுகொள்ளும். ஆனால் அவை பிறந்த இடங்கள் வேறு. ஒரு பாணி ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் பிறந்தது, இன்னொன்று டிரம் விற்கும் கடையில். வாசிப்பவரின் கையோடு காந்தமும் வால்வும் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் சேர்ந்ததுதான் இந்த வாத்தியத்தின் நாதம். அதனால் பொழுதுபோக்காக வாசிக்கிற நாங்கள் கூடினால் பாட்டைவிட ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். அந்தப் பேச்சில் பெரும்பாலும் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. நாம் ஆசைப்படும் நாதங்கள் எல்லாம் பெரிய அரங்குகளில், பெரிய சத்தத்தில் உருவானவை. நாம் வாசிப்பதோ பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும் நேரத்தில். இந்த மலருக்கு எழுதக் கேட்டபோது, பாணிகளின் கதையை அந்த அறையிலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. சர்க்யூட் தெரியும், வாடிக்கையாளர் சொல்லும் குறையைப் பொறுமையாகக் கேட்கத் தெரியும். அன்றைய மின்கிட்டார்கள் பெரும்பாலும் உள்ளே கூடானவை. 1936-இல் வந்த கிப்ஸன் இ.எஸ்.150 அப்படிப்பட்டதுதான், அதை வைத்துக்கொண்டுதான் சார்லி கிறிஸ்டியன் ஜாஸ் குழுவின் முன்வரிசைக்குக் கிட்டாரைக் கொண்டுவந்தார். ஆனால் சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கரின் அதிர்வு அந்தக் கூட்டுக்குள் புகுந்து ஊளையிடும். ஃபெண்டர் கூட்டையே எடுத்துவிட்டுக் கெட்டிப் பலகையில் கம்பிகளைப் பூட்டினார். 1950-இல் பிராட்காஸ்டர் என்ற பெயரில் வந்த அந்தக் கிட்டார், அதே போன்ற பெயர் வேறொரு கம்பெனியின் டிரம்முக்கு ஏற்கெனவே இருந்ததால் 1951-இல் டெலிகாஸ்டர் ஆயிற்று. 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். இரண்டிலும் பிக்கப் ஒற்றைச் சுருள்: காந்தத்தைச் சுற்றி மயிரிழைச் செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. கிட்டார்க் கம்பியின் சின்ன அசைவைக்கூட அது பிடித்துவிடும். கூடவே வீட்டு மின்சாரத்தின் முனகலையும் பிடிக்கும்.

அந்த முனகலைத் தீர்க்க முயன்றதில்தான் எதிர்ப்பாணி பிறந்தது. மிச்சிகனில் கலமசூ நகரத்து கிப்ஸன் கம்பெனியில் வேலை செய்த சேத் லவர், இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, காந்த முனைகளையும் மாற்றி அமைத்தார். வெளியிலிருந்து வரும் முனகல் இரண்டிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழிக்கும். கம்பியின் ஒலி மட்டும் கூடும். 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957 முதல் அந்தப் பிக்கப் கிப்ஸனின் லெஸ் பால் கிட்டார்களில் ஏறியது. முனகல் போனதோடு உச்சத்துப் பளபளப்பும் கொஞ்சம் போனது. பதிலுக்குத் தடிமனும் இனிமையும் வந்தன. கம்பியின் நீளத்திலும் வித்தியாசம் உண்டு. ஃபெண்டரில் 648 மில்லிமீட்டர், கிப்ஸனில் ஏறக்குறைய 628. ஒரே சுருதிக்கு நீளக் கம்பி விறைப்பாக நிற்கும், குட்டைக் கம்பி விரலுக்கு வளையும். இந்த 20 மில்லிமீட்டர், விளம்பரங்களில் பேசப்படும் மரவகைகளைவிட வாசிப்பவரின் விரலுக்கு அதிகம் தெரியும் என்பது என் அனுபவம்.

கிட்டார் பாதி வாத்தியம்தான். மறுபாதி ஆம்ப். ஃபெண்டரின் ஆம்ப்கள் 6எல்6 வகை வால்வுகளில், சத்தம் ஏறினாலும் உடையாத தெளிவைத் தேடின. 1963-இல் வந்த ட்வின் ரிவெர்ப் அதன் உச்சம்: நடு ஒலி சற்றுக் குழிந்து, மேலும் கீழும் நிறைந்து, ஸ்பிரிங் வழியாக எதிரொலி சேர்ந்து வரும். அமெரிக்கத் தெளிவு என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

லண்டனில் ஹான்வெல் பகுதியில் டிரம் கடை வைத்திருந்தவர் ஜிம் மார்ஷல், அவரே டிரம் வாசிப்பவர். கடைக்கு வந்த இளம் கிட்டார்க்காரர்களுக்கு அமெரிக்க ஆம்ப் வேண்டும். இறக்குமதி விலையோ எட்டாது. கடையில் இருந்தவர்கள் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்பைப் பார்த்து, இங்கிலாந்தில் கிடைத்த பாகங்களை வைத்து 1962, 63 வாக்கில் ஜேடிஎம்45 செய்தார்கள். முதல் வால்வு மாறியதால் உட்புகும் ஒலி இன்னும் பெருகியது. பின்பக்கம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர் இருந்தது போய், மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல ஸ்பீக்கர் வந்தது. சர்க்யூட் ஏறக்குறைய ஒன்றுதான். நாதம் முற்றிலும் வேறாகிவிட்டது. நடு ஒலி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரும். பின்னாளில் இ.எல்.34 வால்வு சேர்ந்தபோது ராக் இசையின் குரல் அதுவே ஆனது.

அதே இங்கிலாந்தில் வாக்ஸ் ஏசி30 இன்னொரு வழி. ஷேடோஸ் குழுவுக்கு ஏசி15-இன் சத்தம் ரசிகர்களின் கூச்சலுக்கு மேல் எடுபடவில்லை, அதனால் இரட்டிப்பாக்கினார்கள். நான்கு இ.எல்.84 வால்வுகள், மணி அடித்தாற்போன்ற உச்சம், கொஞ்சம் அழுத்தி வாசித்தால் ஓரத்தில் சிலிர்ப்பு. பீட்டில்ஸும் பின்னர் குயின் குழுவின் பிரையன் மேயும் அதை உலகறியச் செய்தார்கள். எனக்கு ஒரே ஒரு ஆம்ப்பை வைத்துக்கொள் என்றால் இந்தக் குடும்பத்தைத்தான் எடுப்பேன்.

நாதம் கிழிவதை அழகென்று கொண்டதுதான் இந்த வாத்தியத்தின் வரலாற்றிலேயே பெரிய திருப்பம். அந்தக் கிழிசல் முதலில் யாரும் திட்டமிட்டு வரவழைத்ததல்ல. 1951-இல் மெம்ஃபிஸில் பதிவான ‘ராக்கெட் 88’ பாட்டில் கிட்டார் கரகரப்பதற்குக் காரணம், வழியில் அடிபட்ட ஆம்ப் என்று சொல்லப்படுகிறது. 1960-களின் தொடக்கத்தில் நாஷ்வில்லில் ஒரு பதிவின்போது மிக்ஸரின் ஒரு சேனல் பழுதாகி ஒலி தேனீ போல இரைந்தது. அந்தப் பழுதை வேண்டும்போது வரவழைக்கும் சிறு பெட்டிதான் 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று விற்பனைக்கு வந்தது. 1964-இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கரைப் பிளேடால் கீறினார். ஒரு தலைமுறை குறை என்று ஒதுக்கியதை அடுத்த தலைமுறை குணமாக ஏற்றுக்கொண்டது.

1966-இல் ஜான் மேயால் குழுவோடு எரிக் கிளாப்டன் லண்டனில் இசைத்தட்டுப் பதிவுக்குப் போனார். லெஸ் பாலையும் மார்ஷல் ஆம்ப்பையும் மேடையில் வைக்கும் சத்தத்திலேயே ஸ்டூடியோவிலும் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஆம்ப்பின் பவர் வால்வும் ஸ்பீக்கரும் திணறும்போது வரும் நாதம் அது. சத்தத்தைக் குறைத்தால் நாதமே போய்விடும். வீட்டில் வாசிப்பவர்களின் சங்கடம் அன்றே தொடங்கிவிட்டது. அந்தத் தட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் அந்த ஆம்ப்பை வாங்கி, வால்யூமை ஒன்றில் வைத்து, ஏன் அப்படி ஒலிக்கவில்லை என்று மனம் சோர்ந்தார்கள். நானும் அப்படிச் சோர்ந்தவன்தான். தவறு கையிலும் இல்லை, கருவியிலும் இல்லை என்று எனக்குப் புரிய வருடங்கள் ஆயின.

இதற்கு விடை தேடியவர்களின் வரிசைக்குத் தனிப் பெருமை உண்டு. கலிஃபோர்னியாவில் ராண்டல் ஸ்மித், சின்ன ஃபெண்டர் பிரின்ஸ்டன் ஆம்ப்களைத் திருத்தி, முன்பகுதியிலேயே ஒலியை அடுத்தடுத்துப் பெருக்கி உடைத்து, மொத்தச் சத்தத்தைத் தனிக் குமிழில் பிரித்தார். மேசா பூகி அப்படி வந்தது. ஜப்பானில் ரோலண்ட் 1975-இல் வால்வே இல்லாமல் ஜேசி-120 செய்தது. கண்ணாடிபோல் தெளிந்த அந்த ஒலி தனிப் பாணியாகவே நிலைத்தது. 1970-களின் இறுதியில் ஐபனெஸ் ட்யூப் ஸ்க்ரீமர் என்ற பச்சைப் பெடல், நடு ஒலியை முன்தள்ளி மிதமாக உடைத்துக் கொடுத்தது. பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ், எம்.ஐ.டி.யில் படித்த பொறியாளர், 1982-இல் ராக்மேன் செய்தார்: இடுப்பில் மாட்டி ஹெட்ஃபோனில் கேட்கும் ஆம்ப். 1998-இல் லைன் 6 பாட், பல ஆம்ப்களின் கணக்கை ஒரு சிவப்புப் பெட்டிக்குள் அடைத்தது. இன்று கைபேசியிலும் கணினியிலும் கிடைப்பதெல்லாம் இந்தக் கிளையின் பேரப்பிள்ளைகள்.

இனி அறைக்கு வருவோம். சத்தத்தின் கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம். வாட் இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட். ஆக 50 வாட் ஆம்ப், 5 வாட் ஆம்ப்பைவிட இரண்டு மடங்கு சத்தம்தான் போடும். கிட்டார் ஸ்பீக்கர்களில் பல, வெறும் 1 வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 97 டெசிபலுக்கு மேல் தருபவை. மூடிய அறையில் அது காதைப் பதம் பார்க்கும் அளவு. வீட்டுக்கு வாட் பார்த்து ஆம்ப் வாங்குவது சமையலறைக்குக் கல்யாண அண்டா வாங்குவது போன்றது.

காதும் ஒரு வேலை செய்கிறது. 1933-இல் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியது இது: சத்தம் குறையக் குறைய, மந்தர ஒலி மற்றவற்றைவிட வேகமாகக் காதிலிருந்து மறைகிறது, உச்ச ஒலியும் கொஞ்சம் மங்குகிறது. அதனால் மேடையில் அருமையாக இருந்த அதே குமிழ் நிலைகள் அறையில் ஒல்லியாகக் கேட்கும். மெதுவான சத்தத்தில் பாஸைச் சற்றுக் கூட்டுங்கள். ராத்திரி அறையில் பாஸைக் கூட்டி அமைத்த நாதத்தை அப்படியே ஒத்திகைக் கூடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்; அங்கே அது சேறாகிவிடும்.

ஹெட்ஃபோனில் வாசிப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று ஓய்ந்துவிடும். கிழிந்த ஒலியின் முள்ளை மழுக்குவது அதுதான். டிஸ்டார்ஷன் பெடலை நேரே ஹெட்ஃபோனுக்கோ வீட்டு மியூசிக் சிஸ்டத்துக்கோ கொடுத்தால் ரம்பம் அறுப்பதுபோல் கேட்பது இதனால்தான். இடையில் ஸ்பீக்கர் பெட்டியின் குணத்தைச் சேர்க்கும் வசதி வேண்டும். இன்றைய பயிற்சி ஆம்ப்கள் பெரும்பாலானவற்றில் அது உள்ளேயே இருக்கிறது. பாஸ் (Boss) கம்பெனியின் கட்டானா 50 போன்றவற்றில் சக்தியை அரை வாட் வரை இறக்கலாம். யமஹா டிஹெச்ஆர் வரிசை மேசைமேல் வைத்து வாசிக்கவே பிறந்தது. முதல் ஆம்ப் வாங்குபவருக்கு வால்வு வேண்டாம் என்றே சொல்வேன். வால்வின் அருமை நிஜம்தான். ஆனால் அதைத் திணற வைக்கும் சத்தத்துக்கு நம் வீடுகளில் இடம் இல்லை.

முதல் செலவு பெடலுக்குப் போகக் கூடாது. கிட்டாரை நல்ல கைவினைஞரிடம் கொடுத்துச் சீர்செய்யுங்கள். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் கம்பியின் உயரம் 1.5 முதல் 2 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். அங்கே அழுத்தி வாசித்த சுரமும் அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பிய மேல்சுரமும் ஒன்றாக நிற்க வேண்டும். யமஹா பசிஃபிகா போன்ற எளிய கிட்டார் ஒன்று இப்படிச் சீர்செய்யப்பட்டால், சீர்செய்யாத விலையுயர்ந்த கிட்டாரை எளிதில் மிஞ்சும். கடலோர ஊர்களில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து வையுங்கள். ஒற்றைச் சுருள் கிட்டார் இரைகிறதா? மின்விசிறி ரெகுலேட்டரை முழுதாக வைத்துப் பாருங்கள், அல்லது விசிறியை நிறுத்திப் பாருங்கள். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரின் இரைச்சலைப் பிக்கப் அப்படியே வாங்கும். சாக்கெட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுவது உயிருக்கும் நல்லது.

கிட்டாரின் உடம்பிலேயே இருக்கும் வால்யூம் குமிழைப் பலர் பத்திலேயே விட்டுவிடுகிறார்கள். ஆம்ப்பைச் சற்று உடையும் நிலையில் வைத்து, அந்தக் குமிழை ஆறுக்கு இறக்கினால் தெளிவு, எட்டில் சிலிர்ப்பு, பத்தில் முழக்கம். பல பெடல்கள் செய்யும் வேலையைச் சுண்டுவிரல் செய்யும்.

எல்லாப் பாணிகளுக்கும் பொதுவாக நான் வைத்திருக்கும் அளவுகோல், மெல்லிய சத்தத்தில் விரலின் வித்தியாசம் காதில் விழுகிறதா என்பதுதான். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் ராக் கலைஞர்கள் அல்லர். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் இரட்டைக் கம்பிகளை விட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளோடு மின்மாண்டலினை அமைத்துக்கொண்டார். சட்டென்று அணைந்துவிடும் மீட்டொலியின் வால் நீண்டது. அந்த வாலில் கமகம் உட்கார்ந்தது. பிரசன்னா மின்கிட்டாரிலேயே கர்நாடகக் கீர்த்தனைகளை வாசித்து வருகிறார். அவர்களைக் கேட்ட பிறகு, எந்த ஆம்ப் கைக்கு வந்தாலும் நான் முதலில் வாசித்துப் பார்ப்பது தோடியின் காந்தாரம். ரிஷபத்தில் விரலை வைத்துக் கம்பியை மத்தியமம் தொட இழுத்து, காந்தாரம் தோன்ற அசைத்து இறக்குவேன். ஒலியைப் பெருக்கி உடைக்கும் கெய்ன் அதிகமானால் மேலும் கீழும் ஒரே பருமனாகி அசைவின் நெளிவு மூடிக்கொள்ளும். மிகக் குறைந்தால் இரண்டாவது அசைவுக்குள் ஒலி செத்துவிடும். நடுவில் ஓரிடம் உண்டு. ஒலி லேசாகக் கனிந்து, மூன்றாவது அசைவு முடியும்வரை உயிரோடு இருக்கும். குமிழ் அங்கே நிற்கும்போது பென்சிலால் ஒரு கோடு போட்டு வைக்கிறேன்.